குடிலுக்கு நெல் விதைக்கும் பிள்ளைகள்

காவிரி டெல்டாவில் டிசம்பர் என்பது கையில் காசு புழங்காத மாதம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்து, குறுவை கைகொடுத்திருந்தால் அந்தப் பணம் ஐப்பசியிலேயே வந்து தீபாவளிக்கும் பழைய கடனுக்கும் போயிருக்கும். சம்பா இன்னும் வயலில் நிற்கிறது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கும் நேரம். அறுப்பு தையில்தான். பொங்கலுக்காவது புது நெல் வரப்போகிறது என்ற தெம்பு உண்டு. கிறிஸ்துமஸோ அதற்கு மூன்று வாரம் முந்தியே, மழை ஓயாத வயலுக்கும் அடிதட்டிப்போன நெல் குதிருக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

எங்கள் பக்கத்து விவசாயக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பண்டிகை கையால் செய்கிற பண்டிகையாக நிலைத்ததற்கு இந்தப் பணமுடை ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வாங்க முடியாததைச் செய்தார்கள். செய்ய ஆள் போதாமல் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் எதையும் மறக்கவில்லை. என் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. சிறுவயதுக் கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டால், அந்த ஆண்டு என்ன பாவாடை எடுத்தார்கள் என்று அவரால் சொல்ல முடியாது. அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்கத் தன் அம்மாவுக்கு எந்தக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார் என்பதை மட்டும் கிண்ணத்தின் நெளிசல் உட்பட விவரிப்பார்.

அரையாண்டுத் தேர்வு முடியப்போகிறது என்றாலே உறவிலும் எங்கள் கோயில் பங்கிலும் இளம் தாய்மார்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பத்து நாள் விடுமுறை, பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது, என்ன வாங்கிக் கொடுத்தால் நினைவில் நிற்கும்? என் பதில் மாறுவதே இல்லை. வேலை கொடுங்கள். பெரியவர்கள் கண்ணாடி பார்த்துக்கொண்டே “நீயும் உதவி செய்கிறாயா கண்ணு” என்று ஒப்புக்குக் கொடுக்கும் வேலையைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை செய்யாமல் விட்டால் விழா ஓர் இடத்தில் தட்டி நிற்கவேண்டும், அப்படிப்பட்ட வேலை. விருந்தாளியாக வந்து போகிற வீட்டை யாரும் நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பதில்லை. பொறுப்பேற்று நின்ற வீட்டை மறப்பதும் இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

எங்கள் வீட்டில் முதல் வேலை நெல் விதைப்பது. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சை வேண்டும் அல்லவா, அதற்காக. எங்கள் ஊர் குடமுருட்டிக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவே இருக்கிறது. சுற்றிலும் பச்சைக்குப் பஞ்சமில்லை. வயலில் ஒரு கை பிடுங்கி வந்து செருகினால் ஆயிற்று. ஆனால் செருகிய பயிர் மறுநாளே தலை சாய்ந்துவிடும். பிள்ளை விதைத்து வளர்த்த பயிர் ஜனவரி 6, மூன்று அரசர் திருவிழா வரை நிற்கும். தவிரவும், டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு விதை நேர்த்தி தெரியாமல் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தேர்வு தொடங்கும் வாரத்தில் இதை ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் சமையல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கவேண்டும். உள்ளே ஒரு கோழிமுட்டை கிடக்கட்டும். உப்பு ஏற ஏற, அடியில் படுத்திருக்கும் முட்டை எழுந்து நிற்கும், பிறகு மெல்ல மேலே வரும். முட்டையின் மேற்பக்கம் ஒரு நாணயத்தின் அளவுக்குத் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி. இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. தரமான விதையைப் பிரிக்க வேளாண் துறை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையே இதுதான். அந்தத் தண்ணீரில் ஒரு பிடி நெல்லைப் போட்டால் பதரும் அரைமணியும் மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். மிதப்பதை அரித்து எடுப்பது சின்னவன் வேலை. அவன் அதை அரிக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டும், அத்தனை கண்டிப்பு. தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் ஈரச் சாக்குத் துண்டில் முடிந்து மூலையில் வைத்துவிட்டால் முளை கட்டிவிடும். முடிச்சை அவிழ்க்கும்போது உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். “அம்மா, நெல்லுக்குக் காய்ச்சல்” என்று மூத்தவள் சிறு வயதில் ஒருமுறை ஓடிவந்து சொன்னாள்.

முளைகட்டிய விதையை அகலத் தட்டில், சலித்த மண் பரப்பி, நெருக்கமாகத் தூவவேண்டும். முதல் சில நாள்கள் ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். பிள்ளைகள் ஆசையில் செம்பு செம்பாக ஊற்றுவார்கள். ஊற்றட்டும், ஓரத்தில் சாய்த்து வடிக்கவும் கற்றுக்கொள்வார்கள். வடிகால் இல்லாத வயல் என்ன ஆகும் என்பது கார்த்திகை மழையில் அவர்கள் தாத்தா படும் பாட்டில் தெரியும். இப்போது அது தட்டிலும் தெரியும். பயிர் ஜன்னல் பக்கமாகச் சாயத் தொடங்கும்போது தட்டைத் திருப்பி வைக்கவேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் எல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்து நிற்கும். கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் விரட்டுவதில்லை. டிசம்பர் 24-இல் பயிர் நான்கு விரற்கடைக்கு மேல் நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் விடியற்காலையில் ஒரு சொட்டு நீர் கோத்திருக்கும். நகரத்துக் குடியிருப்பில் விதை நெல் கிடைக்காது என்பவர்கள் கேழ்வரகு விதைக்கலாம். நூல் நூலாக, இன்னும் மென்மையாக வரும். பொறுமையே இல்லாத பிள்ளைக்கு வெந்தயம்.

குடிலைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற சிற்றூரில் தீவனத்தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். குடில் மரபு பரவியது அதிலிருந்துதான். அந்த ஊர் மக்கள் அன்றாடம் பார்த்த வைக்கோல், அவர்கள் பழகிய மாடு. எட்டு நூற்றாண்டு கழித்து நாம் ஏன் தெர்மாகோல் மலையும் பஞ்சுப் பனியும் வைத்துக் குடில் கட்டவேண்டும்? பனி விழுந்து பார்த்திராத பிள்ளைக்குப் பஞ்சு வெறும் பஞ்சு. எங்கள் குடிலுக்குக் கீற்றுக் கூரை, வயல் வரப்பு, நடுவே கிழித்த நீலச் சேலையால் ஒரு வாய்க்கால், வாய்க்காலில் ஒரு மதகு. மதகு என் கணவரின் யோசனை. தண்ணீர் விடும் பலகையைத் தூக்கி இறக்கும்படி தீப்பெட்டி அட்டையில் செய்து கொடுத்தார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம் என்று பிள்ளைகள் அதைத் திறந்து திறந்து மூடி அட்டை நைந்துபோய், ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் செய்யவேண்டியிருக்கிறது.

ஆடுமாடுகளுக்கு ஆற்றங்கரைக் களிமண். ஆறு நிறையத் தண்ணீர் போகும் மாதம் என்பதால் பிள்ளைகளைக் கரைக்கு அனுப்புவதில்லை. பெரியவர் யாராவது போய் ஒரு கூடை கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிடுவோம். வேர், சருகு, நத்தை ஓடு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டுப் பிசைவதிலேயே ஒரு பகல் போய்விடும். அவர்கள் செய்கிற ஆட்டுக்குக் கால் நிற்காது. படுத்திருக்கும் ஆடு என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் இல்லாத மாதம், நிழலில் மெதுவாகக் காய்வதால் அவ்வளவாக வெடிக்காது. ஆட்டின் ரோமத்துக்கு மூத்தவள் கண்டுபிடித்த வழி, ஈரக் களிமண்ணைப் பழைய தேயிலை வடிகட்டியில் அமுக்கிப் பிதுக்குவது. இழை இழையாக வருவதைக் குச்சியால் எடுத்து ஒட்டுவாள். இடையர் பொம்மைகளுக்கு நடுவே ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் நிற்கிறது. அது என் நாத்தனார் மகன் ஐந்து வயதில் கொண்டுவந்து வைத்தது. “குழந்தை அழுதால் யார் வேடிக்கை காட்டுவது?” என்று கேட்டான். பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வி. அந்தப் பொம்மை அதே இடத்தில் இன்றுவரை இருக்கிறது.

பலகாரத்துக்கு வருகிறேன். அதிரசத்திலும் அச்சு முறுக்கிலும் சின்னப் பிள்ளைகளுக்கு இடமில்லை. கொதிக்கும் எண்ணெய் பக்கத்தில் இருக்கும். அச்சு முறுக்கில் இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி உதறவேண்டும். முழுதாகத் தோய்த்துவிட்டால் மாவு அச்சைக் கவ்விக்கொண்டு வராது. அது பத்து வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள வேண்டிய கை.

பிள்ளைகளுக்கென்றே இருப்பது கல்கல். மைதாவில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டவேண்டும். புதுச் சீப்பு இருந்தால் இன்னும் நல்லது. சுருண்டு விழும்போது மேலே வரி வரியாகக் கிளிஞ்சல் போல இருக்கும். மாவு அதிகம் தளர்ந்தால் சீப்பின் பல்லில் ஒட்டும், இறுகினால் சுருளாமல் உடையும். எந்தக் கட்டைவிரலுக்கு எந்த அழுத்தம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. முதல் தட்டு முழுவதும் கோணல் மாணல். மூன்றாவது தட்டில் கை பழகிவிடும். கோணலைத் திருத்தாதீர்கள் என்று பெரியவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை தூங்கிய பிறகு திருத்திவைக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். மறுநாள் தட்டில் தன் கையைத் தேடும் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. பொரித்து எடுத்தால் எதுவும் அழகுதான். எங்கள் வீட்டில் ஈரப்பாய், மாவு படிந்த முழங்கை, கதை சொல்லிக்கொண்டே சுருட்டும் மாமியார், அவருக்குப் பேரன் பேத்திகளின் இரண்டு வகைக் கூப்பாடு. என் பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி, நாத்தனார் பிள்ளைகளுக்கு அம்மாயி. மாலை முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பலகாரம் செய்வதைவிடக் கொடுப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. கிறிஸ்துமஸ் காலையில் திருப்பலி முடிந்து வந்ததும் தெருவில் எல்லா வீட்டுக்கும் தட்டு போகவேண்டும். எந்த வீட்டுக்கு எந்தத் தட்டு, யாருக்குச் சர்க்கரை ஆகாது, யார் வீட்டில் துக்கம் நடந்திருப்பதால் அமைதியாகப் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பதெல்லாம் மூத்தவள் கையில் இருக்கும் நோட்டில் இருக்கிறது. தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது அதில் வந்து சேரும். பொங்கலுக்கு அதே தட்டில் அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் வரும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மார்கழி முழுவதும் விடிவதற்குள் கோலமிட்டுச் சாண உருண்டையில் பூசணிப்பூ வைப்பார். பூ எங்கள் வேலிக் கொடியிலிருந்து போகிறது. அதைப் பறித்துக் கொடுப்பது விடுமுறையில் மூத்தவள் பொறுப்பு. காய் கட்டாத ஆண் பூவாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்கும்போது எழுந்து, சாலுக்குள் கால் வைக்காமல் வேலியோரம் போய்ப் பறித்துவந்து கொடுப்பாள். மார்கழியும் கிறிஸ்துமஸும் அவளுக்கு ஒரே விடுமுறையின் இரண்டு வேலைகள். இதைத் தனியாக உட்காரவைத்து நல்லிணக்கம் என்று பாடம் நடத்தவேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை.

கேரல் பாட்டுக் குழு வரும் இரவில் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்டால், வாசல் விளக்கைப் போடுவதும் தேநீர் டம்ளர் எடுத்துக் கொடுப்பதும்தான். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தைக் கண்டு அழும் குழந்தையை இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்காதீர்கள். அழுகை நின்று தானாக எட்டிப் பார்க்கும்வரை விட்டுவிடலாம். சேட்டை செய்தால் தாத்தா பரிசு தரமாட்டார் என்று மிரட்டுவதும் எனக்குப் பிடிக்காது. நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்தில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ் என்பவரை நினைத்து வந்த உருவம் அது, ஏழைகளுக்கு இரகசியமாகக் கொடுத்தவராக அவரைச் சொல்வார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர்களே இரகசியமாக யாருக்காவது எதையாவது வைத்துவிட்டு ஓடிவருகிறார்கள். போன ஆண்டு என் தையல் பெட்டிக்குள் இரண்டு நெல்லிக்காய் இருந்தது.

நட்சத்திரம் கட்டுவது மழையோடு நடத்தும் போராட்டம். மூங்கில் சிம்பைச் சீவி இரண்டு ஐங்கோண நட்சத்திரம் கட்டி, நடுவே குச்சி கொடுத்துப் புடைக்கவைத்து, வண்ணத்தாள் ஒட்டினால் டிசம்பர் மழை ஒரே இரவில் எலும்புக்கூடாக்கிவிடும். வண்ணத்தாளுக்கு மேலே கண்ணாடித்தாள் ஒட்டித் திண்ணைக் கூரைக்குள் தொங்கவிட்டால் பிழைக்கும். கடையில் கிடைக்கும் மடிப்பு நட்சத்திரத்தைக் குறை சொல்லமாட்டேன். நேரமில்லாத வீட்டில் அதுவும் ஒளிதான். ஆனால் கட்டிய நட்சத்திரத்தின் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பது பட்டுக்கோட்டைப் பக்கம். அவர்கள் தென்னந்தோப்பில் நின்ற மரங்களை எண்ணுவது விழுந்தவற்றை எண்ணுவதைவிடச் சுலபமாக இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோதும் அவர்கள் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை. அந்த ஆண்டு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரும் வழக்கத்தை மாற்றி நாங்கள் அங்கே போனோம். பண்டிகை வேண்டாம் என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பிள்ளைகள்தான் விழுந்த மரத்தின் மட்டைகளை இழுத்துவந்து போட்டு, கீற்று முடையச் சொல்லிக்கொடுங்கள் என்று தாத்தாவிடம் நின்றார்கள். அவர் அதுவரை தோப்புப் பக்கமே போகாமல் கட்டிலில் கிடந்தவர். எழுந்து வந்து உட்கார்ந்து, இலையை ஒன்றுவிட்டு ஒன்று எப்படி மடக்குவது என்று காட்டினார். அந்தக் கீற்றில் குடில். மூங்கில் நட்சத்திரத்துக்குள் விளக்குப் போட மின்சாரம் இல்லாததால், தாளுக்குப் பின்னால் தள்ளி ஓர் அரிக்கேன் விளக்கைக் கட்டினோம். திரியை ஏற்றி இறக்கும் வேலை என் நாத்தனார் மகனுக்கு. மற்றவர்கள் சாப்பிடப் போனாலும் அவன் விளக்கை விட்டு நகரவில்லை. அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். எத்தனையோ கிறிஸ்துமஸ் வந்துபோய்விட்டது. எது நினைவிருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்கிறான். தோப்பு போன வருத்தத்தையும் சேர்த்தே சொல்கிறான். பிள்ளைகளின் நினைவில் நிற்க எல்லாம் நன்றாக அமைந்திருக்க வேண்டும் என்று நாம் ஓயாமல் கவலைப்படுகிறோமே, அது தேவையில்லை என்று அவனைப் பார்த்தபிறகு எனக்குத் தைரியம் வந்தது.

நள்ளிரவுத் திருப்பலிக்குச் சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்பதில் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி. நான் அழைத்துப்போகும் கட்சி. மாலை ஆறு மணிக்கே சோறு ஊட்டித் தூங்கவைத்துவிட வேண்டும். பத்தரைக்கு எழுப்பி, வெந்நீரில் முகம் கழுவி, புதுத் துணி போட்டு, காதை மூடி மப்ளர் கட்டி அழைத்துப்போனால் அரைத்தூக்கத்தில் நடந்து வரும். தெருவெல்லாம் விளக்கு, எல்லா வீட்டிலும் விழித்திருக்கும் ஆள்கள். நடு இரவில் உலகம் இப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. கோயிலில் மடியில் மறுபடி தூங்கிவிடும். தூங்கட்டும். வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டு தொடங்கும்போது மட்டும் எழுப்புங்கள். கோயில் மணி அடிக்கும், எல்லா விளக்கும் ஒரே நொடியில் எரியும், குழந்தை இயேசுவின் சொரூபத்தைச் சாமியார் கையில் ஏந்திக் காட்டுவார். அந்த ஒரு நிமிடம் போதும்.

வீட்டுக் குடிலிலும் அதுவரை தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். சொரூபம் ஒரு பிள்ளையின் பொறுப்பில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம் முழுவதும் இருக்கும். எங்கே வைத்திருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியவுடன், அந்தப் பிள்ளை கொண்டுவந்து வைத்த பிறகுதான் அப்பாயி கேக்கை வெட்டுவார். ஒருமுறை மூத்தவள் நடு இரவில் அரிசி மாவு டப்பாவுக்குள் கைவிட்டு முழங்கை வரை மாவாக நின்றாள். பெரியவர்கள் எல்லாரும் கேக்குக்காக அவளைச் சுற்றிக் காத்து நின்றோம். அப்போது வீட்டிலேயே சின்னவள் அவள்; அவளுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள் என்பது அவளுக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாளைப் பற்றியும் சொல்லவேண்டும். டெல்டாக் கரையோரத்தில் டிசம்பர் 26 வேறு மாதிரியான நாள். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. அவர்களோடு வந்த குழந்தைகளும்தான். இதைப் பிள்ளைகளிடம் எந்த வயதில் சொல்வது என்று யோசித்தோம். மறைக்க முடியாது. தொலைக்காட்சியில் அன்று கடற்கரையில் பால் ஊற்றி மலர் தூவி அழும் தாய்மார்களைக் காட்டுவார்கள். ஏன் என்று கேட்பார்கள். கடல் ஒருநாள் கரை தாண்டி வந்தது, நிறையப் பேர் வீடு திரும்பவில்லை, அவர்கள் வீட்டில் இன்று நினைத்துக்கொள்கிறார்கள் என்ற அளவுக்குச் சின்னவனிடம் சொன்னோம். மூத்தவளிடம் நிலநடுக்கம், சுமத்ரா, அலை எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டினோம். அன்று மாலை வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர்கள் இருவரின் வேலை. யாருக்காக என்று சொல்லித்தான் ஏற்றுகிறார்கள். மகிழ்ச்சியான விடுமுறையில் இது எதற்கு என்று உறவில் சிலர் கேட்டார்கள். எங்கள் மண்ணின் கிறிஸ்துமஸ் இதையும் சேர்த்ததுதான். குழந்தைகளுக்கு துக்கத்தைத் தாங்கும் சக்தி நாம் நினைப்பதைவிட அதிகம், கையில் ஏதாவது செய்யக் கொடுத்தால்.

ஊர் சுற்றவேண்டும் என்றால் தூரமாக எங்கும் போகவேண்டியதில்லை. கல்லணை எங்களுக்குப் பக்கம்; டிசம்பரில் தண்ணீர் பார்க்கவாவது போகலாம். ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்று ஓர் ஊர் சொல்லச் சொன்னால் தரங்கம்பாடியைச் சொல்வேன். மயிலாடுதுறையிலிருந்து பஸ் இருக்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், பீரங்கியைத் தொடவிடலாம். அதைவிட அவர்களுக்குப் பிடிப்பது சீகன்பால்குவின் கதை. 1706 ஜூலையில் வந்து இறங்கிய அந்த இளைஞருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அதே ஊரில் அச்சாகிவிட்டது. 1718-இல் கட்டி எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அந்த ஆண்டு இன்னும் தெரிகிறது. மறு ஆண்டு, 36 வயதில் இறந்தார். அந்த ஆலயத்திற்குள்ளேயே அடக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள், அது லுத்தரன் சபைக் கோயில். அங்கேயும் குடில் வைத்திருந்தார்கள். கடற்கரை மணலில் சின்னவனை உட்காரவைத்து, “சீகன்பால்கு மாதிரி எழுது” என்றேன். தன் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் ‘அ’ என்று தனியாக எழுதி, “இது அவருக்கு” என்றான்.

விழா முடிந்தவுடன் குடிலைக் கலைத்துவிடாதீர்கள். விடுமுறையின் கடைசி நாள்களில்தான் பிள்ளைகள் வாடிப்போய்த் திரிவார்கள். மூன்று அரசர்களை அதற்காகவே வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் சமையலறை அலமாரியில் புறப்படுவார்கள். தினமும் சின்னவன் ஒரு முழம் நகர்த்துவான். நடை, முற்றம், தூண், நெல் மூட்டை என்று அவர்கள் வரும் பாதை அவன் விருப்பம். நடுவில் ஒருநாள் ஒட்டகம் நிலைக்கண்ணாடிக்கு எதிரே நிற்கும்; தண்ணீர் குடிக்கிறதாம். ஜனவரி 6-இல் குடிலுக்கு வந்து சேருவார்கள். அதற்குள் பள்ளி திறந்துவிடும் என்பதால் பள்ளிக்குப் போகுமுன் நகர்த்திவிட்டுப் போவான். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருவிழாவுக்குப் பங்கில் பிள்ளைகளுக்கென்று திருப்பலி நடக்கும். அன்று வாசகம் படிப்பதும் காணிக்கை கொண்டுபோவதும் அவர்கள்தான்.

இந்த ஆண்டு வேலைப் பங்கீடு பேசி முடித்தாயிற்று. நாத்தனார் மகள் முதன்முறையாக அச்சு முறுக்கு அச்சைப் பிடிக்கப்போகிறாள். மூத்தவளுக்குத் தட்டு நோட்டோடு நட்சத்திரமும். குழந்தை இயேசு சொரூபம் யாரிடம் என்பதை இங்கே எழுதக் கூடாது. சின்னவன் மட்டும் நெல்லும் அரசர்களும் போதாது என்கிறான். வானவர் கீதத்துக்குக் கோயில் மணியை அவனே அடிக்கவேண்டுமாம். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் கேட்டேன். பக்கத்தில் தான் நின்றுகொள்வதாகவும், கயிறு அவனுக்கு எட்டாது, வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவரவேண்டும் என்றும் சொன்னார். முக்காலியை இப்போதே துடைத்து வாசலில் வைத்துவிட்டான்.